ஆறு ஏர்பேக் இருக்கே, பின் சீட்டில் பெல்ட் எதற்கு?

கேள்வி: எனக்கு 23 வயது. அண்ணனின் புதுக் காரில் ஆறு ஏர்பேக். மாதம் ஒரு தடவையாவது நண்பர்கள் ஐந்து பேர் கோவையிலிருந்து வால்பாறை, ஊட்டி என்று கிளம்பிவிடுவோம், ஓட்டுவது நான்தான். பின்னால் உட்காருகிறவர்கள் பெல்ட் போடுவதே இல்லை. என் பக்கத்தில் இருப்பவன், பீப் சத்தம் தொல்லை என்று பெல்ட் மாட்டும் பூட்டில் ஒரு க்ளிப் வாங்கிச் சொருகிவிட்டான். மெதுவாகத்தானே போகிறோம், தீப்பிடித்தால் பெல்ட்டில் மாட்டிக்கொள்வோம் என்கிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?

பதில்: முதலில் அந்த க்ளிப்பைப் பிடுங்கி எறியுங்கள். ஏர்பேக் என்பது பெல்ட் போட்ட உடம்புக்காகக் கணக்குப் பார்த்துச் செய்த பொருள். மோதியதும் கண் இமைப்பதற்குள், மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் விரியும். பெல்ட் பிடித்து வைத்திருந்தால் பை விரிந்த பிறகு தலை அதில் போய்ப் பதியும். போடாதவனோ பிரேக் அடிக்கும்போதே முன்னால் சரிந்திருப்பான், பை நேராக அவன் முகத்தில் அறையும். இந்த க்ளிப்பை விற்ற ஐந்து இணையக் கடைகள்மேல் 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே உத்தரவு போட்டு, விற்பனையை நிறுத்தச் சொன்னது.

அப்புறம் அந்த ஆறை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு முன்னால், இரண்டு முன் சீட்டுகளின் பக்கவாட்டில், இரண்டு ஜன்னலோரம் திரைபோல இறங்குபவை. பின்னால் இருப்பவருக்கு முன்பக்கம் ஒன்றுமே கிடையாது, பெல்ட் மட்டும்தான். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியும் பின் சீட்டில் அவரோடு இருந்தவரும் இறந்தார்கள், இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை. முன்னால் இருந்த இருவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். அதுவும் விலையுயர்ந்த சொகுசுக் கார்.

மெதுவாகப் போகிறோம் என்கிறார்களா? 50 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கிருந்து குதிக்க உங்கள் நண்பர் சம்மதிப்பாரா? தீப்பிடிப்பது அபூர்வம். அப்படியே பிடித்தாலும், பெல்ட் போட்டவனுக்குத்தான் நினைவு தப்பாமல் சிவப்புப் பொத்தானை அழுத்த வாய்ப்பு அதிகம்.

இதையெல்லாம் சொல்லியும் கேட்கவில்லை என்றால் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். நீங்கள் ஓட்டும்போது உங்களுக்குப் பின்னால் பெல்ட் இல்லாமல் இருக்கும் 70 கிலோ ஆள், மோதினால் உங்கள் சீட்டின் முதுகில்தான் வந்து இடிப்பான். நீங்கள் ஒழுங்காகப் பெல்ட் போட்டிருந்தும் அவனால் நசுங்குவீர்கள். "உனக்காக இல்லடா, எனக்காகப் போடு" என்றால் வெட்கப்பட்டாவது போடுவார்கள். பின் சீட்டுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1000 ரூபாய் அபராதம். ஆனால் இந்த வயதில் அபராதத்துக்கு யார் பயப்படுகிறார்கள்!

ஒரு விஷயம், பலர் போடாததற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. சீட் கவர் மாட்டும் கடைக்காரர் பின் சீட்டின் பக்கிள்களை உள்ளே தள்ளி மூடிவிடுவார். இன்றைக்கே கையை விட்டுத் துழாவி ஐந்தாவது ஆளுடையது உட்பட வெளியே எடுத்துவையுங்கள். அந்தக் கவர் முன் சீட்டின் பக்கவாட்டு ஏர்பேக்கை அடைக்கிறதா என்றும் பாருங்கள். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றில் இல்லாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும், மேல்பட்டை தோள் எலும்பு வழியாக நெஞ்சுக்குக் குறுக்கே. சீட்டைச் சாய்த்துப் படுத்துக்கொண்டு வந்தால் உடம்பு பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப்போகும். டாஷ்போர்டில் கால் நீட்டுகிறவர் உங்கள் கோஷ்டியில் இருந்தால் அவரைப் பின் சீட்டுக்கு அனுப்புங்கள், பெல்ட்டோடு.