சி.இ.ஏ. 6.4 என்று வந்தால் நோய் திரும்பிவிட்டதா?

வணக்கம். பெருங்குடல் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு 2.1 ஆக இருந்த அம்மாவின் சி.இ.ஏ. (புற்றுநோய் திரும்புகிறதா என்று கவனிக்க ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதத்தின் அளவு) இப்போது 6.4 என்று வந்ததிலிருந்து தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பாவின் ரிப்போர்ட் கவரைப் பிரிக்கும்போது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

அந்த ஒரு எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். புகைபிடிக்காதவர்களுக்கு 5 வரை இயல்பு என்பார்கள். சற்றே தாண்டுவதற்குக் கல்லீரல் கோளாறோ குடல் அழற்சியோகூடக் காரணமாகலாம். கீமோ நடக்கும்போதும் தற்காலிகமாக ஏறி இறங்குவதுண்டு. கடைசி கீமோ முடிந்து பத்து நாள்தான் ஆகிறது என்கிறீர்களே, அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

நீங்கள் போட்ட இரண்டு ரிப்போர்ட்டும் வேறு வேறு லேப். சோதனைக்குப் பயன்படுத்தும் கிட் மாறினால் ஒரே ரத்தத்துக்கே எண் மாறும். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, சில வாரம் கழித்துப் பழைய லேபிலேயே மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறியிருந்தால் சி.டி. ஸ்கேன் எழுதுவார், தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். கல்லீரலுக்குப் பரவியிருந்தால்கூட, சிறிதாக இருக்கும்போதே தெரிந்தால் வெட்டி எடுக்க வழி இருக்கலாம். சி.இ.ஏ. சோதனையே அதற்காகத்தான்.

அப்புறம் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் புரதம்) 18. அது சாதாரணத் தொற்றுக்கும் ஏறும். அதோடு ஆல்புமினும் (ரத்தத்தில் உள்ள இன்னொரு புரதம்) 3.5க்குக் கீழே போனால் கவலை இன்னும் கூடும். அம்மாவுக்கு 4.1 இருக்கிறது, நல்ல விஷயம். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள்.