தொலைபேசியில் மட்டும் ‘சார்’ ஆகிவிடுகிறேன்!

கேள்வி: நான் திருநங்கை. சில ஆண்டுகளாக ஹார்மோன் எடுத்துக்கொள்கிறேன். நேரில் ‘மேடம்’ என்பவர்கள் போனில் ‘சார்’ என்கிறார்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவையிலோ, கணக்கு என்னுடையதே அல்ல என்று இணைப்பைத் துண்டிக்கிறார்கள். குரலை மாற்றும் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்வதாக ஒருவர் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பேச்சுப் பயிற்சி நிபுணரின் பதில்: கொடுக்காதீர்கள்.

பருவ வயதில் மகரக்கட்டு உடைந்தபோதே உங்கள் குரல்நாண்கள் நீண்டு தடித்துவிட்டன. நீங்கள் எடுக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் அவற்றைச் சுருக்காது. யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையைக் கூட்டினால் ரத்தம் உறையும் ஆபத்துதான் மிச்சம். பிறப்பில் பெண் என்று பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பிகளுக்கு இது நேர்மாறு. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஊசி சில மாதங்களிலேயே அவர்கள் குரலைத் தாழ்த்திவிடும். ஊசியை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. ‘அவனுக்கு ஊசியிலேயே மாறியதே’ என்ற பேச்சு இங்கிருந்துதான் கிளம்புகிறது. தரகர்களுக்கு அந்தப் பேச்சுதான் மூலதனம்.

கேட்பவர் காது சுருதியை மட்டும் எடைபோடுவதில்லை. ஆண் குரலின் சுருதி பெரும்பாலும் 100 முதல் 130 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். பெண் குரல் 180 முதல் 220. அறுவை சிகிச்சை உயர்த்துவது இந்தச் சுருதியை மட்டுமே. குரல்நாண் முதல் உதடு வரையுள்ள பாதை ஆண்களுக்குச் சுமார் 17 செ.மீ., பெண்களுக்கு இரண்டு, மூன்று செ.மீ. குறைவு. குரலின் கனம் அந்த நீளத்தில் இருக்கிறது. கத்தி அங்கே போவதில்லை. பணத்தைக் கொட்டிவிட்டு, ‘கீச்சுக்குரல் சார்’ என்று பெயர் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். நேரில் முகமும் புடவையும் துணைக்கு வருகின்றன; போனில் குரல் தனியாக நிற்கிறது.

பயிற்சியால் அந்தக் கனத்தைக் குறைக்கலாம். ‘ம்ம்’ என்று மெல்ல முனகி, அதிர்வு நெஞ்சில் இல்லாமல் உதட்டிலும் மூக்கிலும் தெரியும்போது ‘மீ’ என்று நீட்டுங்கள். நாக்கு முன்னே வரட்டும், உதடு லேசாக விரியட்டும். பதிவு செய்து, உங்களை அறியாத ஒருவரிடம் போட்டுக்காட்டுங்கள். வலித்தால் நிறுத்துங்கள். பயிற்றுநரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

வங்கி விஷயம் வேறு. ஓடிபி, பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னவரைக் குரலைக் கேட்டே மோசடிக்காரர் என்று முடிவுகட்டுவது என்ன சரிபார்ப்போ! வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது, தரகரும் தேவையில்லை.