சிங்கம் பற்றிக் கேளுங்கள்: நீலகிரி வாசகர் கேள்வி பதில்

கூடலூர்: ஆண் சிங்கம் உட்கார்ந்தே தின்னுமாமே, நிஜமா சார்?

பாதி நிஜம். ஆப்பிரிக்கப் புல்வெளியில் கூட்டு வேட்டை பெரும்பாலும் பெண்கள் வேலை. ஆண் புதரில் தனியாகப் பதுங்கி அடிக்கும். குஜராத்தின் கிர் காட்டில் கதை வேறு. அங்கே ஆண்கள் இரண்டு மூன்றாகச் சேர்ந்து தனியே திரியும். பெண்களோடு கூடுவது இணையும்போதும், பெரிய இரை விழுந்தாலும்தான். மற்ற நாளில் தன் சாப்பாட்டைத் தானே தேட வேண்டும். புது ஆண் வந்தால் பழைய ஆணின் குட்டிகளைக் கொல்லும். பால்குடி போனால் தாய் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்பதே காரணம். கிர் பெண் அதற்கும் வழி வைத்திருக்கிறது. அக்கம்பக்கத்து ஆண் கூட்டணிகள் பலவற்றோடு இணைந்துவிடும். குட்டி யாருடையது என்று எவனுக்கும் நிச்சயமில்லை, தொட மாட்டான்.

கோத்தகிரி: ராத்திரி தேயிலைத் தோட்டத்தில் உறுமல். சிங்கமா?

நீலகிரிக் காட்டில் சிங்கம் கிடையாது. ரம்பம் அறுப்பதுபோல் விட்டு விட்டுக் கேட்டால் சிறுத்தை. நாயை வாசலில் கட்டிப் போடாதீர்கள்.

மசினகுடி: 2025 கணக்கில் குஜராத்தில் 891 சிங்கமாம். சீகூர் காட்டுக்குக் கொஞ்சம் கொண்டுவரலாமே? பக்கத்தில் சிங்காரா என்று ஊரே இருக்கிறதே!

சிங்கப்பூர் என்றுகூட ஒரு ஊர் இருக்கிறது. அங்கே காட்டில் எத்தனை திரிகிறது?

மசினகுடி: பேரை விடுங்கள் சார். முள்காடு, புள்ளிமான், எல்லாம் இருக்கிறதே?

அது நியாயமான கேள்வி. இரை உண்டு, காடும் ஒத்துவரும். ஆனால் அங்கே புலி இருக்கிறது, யானை வழித்தடம் இருக்கிறது, நடுவில் ஊரும் மாடும். குஜராத்திலேயே பாதிக்கு மேல் சரணாலயத்துக்கு வெளியேதான் வாழ்கின்றன. சிங்கம் வேலிக்குள் நிற்காது. இன்னொரு வீடு தேவை என்பது மட்டும் உண்மை. எல்லாம் கிர் இருக்கும் சௌராஷ்டிரத்தில் ஒரே மூட்டையாக இருக்கின்றன. 2018இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸும் உண்ணி பரப்பும் பபேசியா என்ற ஒட்டுண்ணியும் சேர்ந்து சில வாரத்தில் 20க்கு மேல் கொன்றன. 2013இலேயே உச்ச நீதிமன்றம் மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குச் சிலவற்றை அனுப்பச் சொன்னது. 2022இல் அங்கே போனது சிவிங்கிப்புலி.

குன்னூர்: எங்கள் பக்கமும் உறுமல் சார். சிங்கமோ?

கோத்தகிரிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பந்தலூர்: தோட்டத்து நாய்களுக்கு வெறிநோய் ஊசி போட்டாச்சு. போதுமா?

போதாது. டிஸ்டெம்பர் ஊசி வேறு. கூட்டுத் தடுப்பூசி என்று கேளுங்கள். குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 3-4 வாரத்துக்கு ஒன்று, 16 வாரம் வரை. அடுத்த வருஷம் ஒன்று. ஒன்றோடு நிறுத்தினால் வீண். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாது. மருந்தைப் பனிக்கட்டிப் பெட்டியில் கொண்டுபோக வேண்டும். செத்த நாயைக் காட்டோரம் வீசாதீர்கள், ஆழப் புதையுங்கள். இங்கே சிங்கம் இல்லாவிட்டாலும் செந்நாய், சிறுத்தை, புலி மூன்றுக்கும் அந்த வைரஸ் தொற்றும்.

ஊட்டி: சிங்கவால் குரங்கு சிங்க இனமா?

குரங்கு.