பாதை உடைந்தால் பணம் எங்கிருந்து வரும்? மலைப்பாதைப் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

செங்கோட்டை, தென்காசி, ஆரியங்காவு, புனலூர், குழித்துறைப் பக்கத்து நம் பயணிகள் மழைக்காலத்தில் கேட்ட கேள்விகள் இவை. பாதைப் பராமரிப்பில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (பகவதிபுரம்): அண்ணாச்சி, மலையில மண் சரிஞ்சா ரெண்டு நாள்ல ரயில விட்டுருதாவ. ஆனா அதே இடத்துல அடுத்த வருசமும் சரியுது. துட்டு இல்லையா, மனசு இல்லையா?

பதில்: தம்பி, மனசு இல்லாமல் கொட்டுற மழையில் விடிய விடிய மண் வெட்ட மாட்டார்கள். நான் அந்த மழையில் நின்றவன். விஷயம் பணம் வரும் வழியில் இருக்கிறது.

பழுது பார்க்க ஒரு பணம். பலப்படுத்த இன்னொரு பணம். இரண்டும் வேறு பை.

முதல் பை உடனே திறக்கும். வெள்ளத்தில் பாதை உடைந்தால் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அவசரச் சான்று எழுதிவிட்டு அந்த நிமிடமே வேலையைத் தொடங்க ரயில்வே பொறியியல் விதியிலேயே இடம் உண்டு. கணக்கிலும் உடைப்பு, விபத்து போன்றவற்றுக்கான சிறப்புப் பழுதுபார்ப்பு என்று தனித் தலைப்பு இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையின் நோக்கம் போக்குவரத்தை மீட்பதுதான். சரிந்த மண்ணை அள்ளலாம், கரையைக் கட்டலாம், ரயிலை விடலாம். அதற்கு மேல் அந்தச் சரிவையே மாற்ற வேண்டுமென்றால், உச்சியில் மழைநீரை மடக்கும் கால்வாய், பாறையில் போல்ட், கம்பிவலை, கல்கூடைச் சுவர் என்று போனால், அது புது வேலை. கோட்டம் எழுதி, மண்டலம் பார்த்து, ரயில்வே வாரியம் ஒப்பி, பட்ஜெட்டோடு வரும் பிங்க் புத்தகத்தில், அதாவது ஒப்புதலான ரயில்வே வேலைகளின் பட்டியலில், ஏறவேண்டும். அதற்குள் மழை நின்றுவிடும். மழை நின்றால் அந்தக் கோப்பின் அவசரமும் நின்றுவிடும்.

நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ஒரு சிறுபாலம் அடித்துக்கொண்டு போனது. அதே அகலத்தில் திரும்பக் கட்டினோம். அகலப்படுத்த வேண்டும் என்று எழுதிய தாள் மேலே போனது, திரும்பி வரவில்லை. இரண்டு மழை கழித்து அதே பாலம் மறுபடி போனது. அன்று ராத்திரி என்கூட நின்ற கீமேனின், அதான் தண்டவாளத்தை நடந்தே சோதிக்கும் தொழிலாளியின், முகம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

கேள்வி (தென்காசி): ஐயா, வணக்கம். என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். அங்கே புயலுக்குப் பிறகு ரயிலுக்கென்றே அரசாங்கம் தனியாக மானியம் கொடுத்தது என்றான். அது எப்படி?

பதில்: நல்ல கேள்வி அம்மா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயல் உங்கள் மகன் இருக்கும் கரையில்தான் ஏறியது. கடல்நீர் நியூயார்க் சுரங்க ரயிலுக்குள் இறங்கியது. ஹட்சன் ஆற்றின் அடியில் ஓடும் ஆம்ட்ராக் என்ற அந்நாட்டுத் தேசிய ரயில் நிறுவனத்தின் இரண்டு சுரங்கக் குழாய்களும், கிழக்கு ஆற்றின் அடியில் உள்ள நான்கில் இரண்டும் மூழ்கின. நியூஜெர்சியில் தாழ்வான யார்டுகளில் நிறுத்தியிருந்த 300-க்கும் மேற்பட்ட பெட்டிகளும் எஞ்சின்களும் நனைந்தன. சவுத் ஃபெரி என்ற புது நிலையம் 50 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2009-ல் திறந்தது; அது மறுபடி திறக்க 2017 ஆயிற்று.

மூன்று மாதத்தில், 2013 ஜனவரி 29 அன்று, தனி நிவாரணச் சட்டம் கையெழுத்தானது. நகரப் போக்குவரத்துக்கு 1,090 கோடி டாலர். பிறகு வந்த பொதுச் செலவுக் குறைப்பில் அதில் கொஞ்சம் கழிந்தது. ஆம்ட்ராக்குக்கு 11.8 கோடி டாலர். அந்த ஆம்ட்ராக் தொகையைப் பிரித்த விதத்தைப் பாருங்கள்: உடைந்ததைச் சரிசெய்ய 3.2 கோடி, அடுத்த புயலைத் தாங்க வைக்கும் வேலைகளுக்கு 8.6 கோடி வரை. பழுதுக்குக் கொடுத்ததைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பலப்படுத்த! நகரப் போக்குவரத்துப் பணத்திலும் தாங்குதிறன் வேலைகளுக்கென்று தனிப் பங்கு ஒதுக்கி, எந்த ஊர் நல்ல திட்டம் கொண்டுவருகிறதோ அதற்கு என்று போட்டி வைத்தார்கள். 2014-ல் சுமார் 360 கோடி டாலர் அப்படிப் போனது.

அங்கேயும் எல்லாம் சட்டென்று முடியவில்லை. தண்ணீரை இறைத்துவிட்டாலும் உப்பு போகாது. குளோரைடு கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்பையும் கேபிளையும் இன்றும் தின்கிறது. அந்த ஹட்சன் குழாய்கள் 1910-ல் திறந்தவை. புதுச் சுரங்கம் கட்டிய பிறகுதான் பழையதை மூடிச் சரிசெய்ய முடியும். அதற்கான பெரிய மானிய ஒப்பந்தம் 2024-ல்தான் ஆனது, சுமார் 690 கோடி டாலர்.

கேள்வி (சங்கரன்கோவில்): அங்கே புயல் வந்தபிறகு சட்டம் போட்டார்கள். வருவதற்கு முன்னால் ஒன்றும் இல்லையா?

பதில்: இருந்தது. போக்குவரத்துக்கான அவசர நிவாரணத் திட்டத்தை 2012 ஜூலையில், சாண்டிக்கு ஏறக்குறைய நான்கு மாதம் முன்னால், சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அதில் பணம் இல்லை. ஆனால் யார் கேட்கலாம், எதற்குக் கேட்கலாம் என்ற வழி தயாராக இருந்தது. புயல் வந்ததும் நாடாளுமன்றம் பணத்தை ஊற்றினால் போதும் என்ற நிலை. காப்பீட்டில் வந்ததைக் கழித்துக்கொள்ள வேண்டும், ஒரே சேதத்துக்கு இரண்டு துறையிடம் வாங்கக்கூடாது என்பதும் அங்கே விதி. வாய்க்கால் வெட்டி வைத்தால்தான் தண்ணீர் வரும்போது வயலுக்குப் போகும், அவ்வளவுதான்.

கேள்வி (புனலூர்): இங்க கேரளத்துல வெள்ளம் வந்தப்போ மாநிலப் பேரிடர் நிதி இருந்துச்சே. அதுல இருந்து ரயில்பாதைக்குக் கொடுக்க முடியாதா, அண்ணாச்சி?

பதில்: முடியாது. அந்த நிதி மாநிலத்தினுடையது. நம் இரண்டு மாநிலத்துக்கும் மத்திய அரசு 75, மாநிலம் 25 என்று போடுகிறார்கள். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் சாலை, பாலம், குடிநீர், மின்சாரம், பள்ளிக்கூடம், ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. ரயில்பாதை இல்லை. ரயில்வே மத்திய அரசின் சொத்து, அது தன் பணத்தில்தான் எழுந்து நிற்கவேண்டும்.

ஆனால் ஒன்று. 15-வது நிதிக்குழு மாநிலத்துக்குத் தரும் பேரிடர்த் தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்புக்கென்று, அதாவது பேரிடர் வருமுன் காக்கும் வேலைகளுக்கென்று, தனியாக வைத்தது. மலைச்சரிவைக் காப்பது அந்தத் தணிப்பில் வரும். ரயில் எல்லைக்கு மேலே இருக்கும் சரிவு பெரும்பாலும் வனத்துறையுடையது, அல்லது தோட்டத்துடையது. மண் அங்கிருந்து கிளம்பித்தான் தண்டவாளத்தில் விழுகிறது. இரண்டு துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் மேலே மாநிலப் பணமும் கீழே ரயில்வே பணமும் சேர்ந்து வேலை செய்யலாம். இதைத்தான் நாம் விடாமல் கேட்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி (ஆரியங்காவு): 2018-ல பிராட்கேஜ் திறந்து ரெண்டே மாசத்துல மண் சரிஞ்சு ரயில் நின்னுச்சு. புதுப்பாதை எப்படிச் சரியும்?

பதில்: ஜூன்ல திறந்தோம், ஆகஸ்ட்ல கேரளமே மூழ்கியது. 1904-ல் போட்ட மீட்டர்கேஜ் பாதை இது. அகலப்பாதைக்காக மலையை மறுபடி செதுக்கினார்கள். புதிதாக வெட்டிய சரிவுக்கு வேர் கிடையாது. புல்லும் செடியும் பிடித்து, தண்ணீர் தன் வழியைக் கண்டுபிடித்து அடங்கச் சில மழைக்காலம் வேண்டும். அதற்குள் நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் மழை வந்துவிட்டது. கழுதுருட்டிப் பக்கத்துப் பதின்மூன்று கண் பாலம் அத்தனை வருட மழையையும் பார்த்துவிட்டு நிற்கிறதே, அதன் கால் பாறையில் நிற்கிறது. பாதைக்காக மலையை வெட்டிய கட்டிங் அப்படியில்லை, அது மண்ணும் உருண்டைக் கல்லும்.

கேள்வி (குழித்துறை): அண்ணே, எங்க தோப்புக்கும் ஆத்துக்கும் நடுவுல ரயில்கரை. மழை பெய்ஞ்சா தோப்புல ஒரு வாரம் தண்ணி நிக்குது. ரயில்வேகிட்ட மதகு கேக்க முடியுமா?

பதில்: 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 16-வது பிரிவை யாரையாவது வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாதை போடுவதற்கு முன்னால் தண்ணீர் எப்படித் தடையில்லாமல் போனதோ அப்படியே போவதற்குப் போதுமான பாலம், சிறுபாலம், வடிகால் கட்டித்தர வேண்டியது ரயில்வேயின் கடமை என்று அது சொல்கிறது. ஆனால் அதே பிரிவில் ஒரு கொக்கி உண்டு: பாதை திறந்து பத்து வருடம் தாண்டிவிட்டால், கூடுதல் வேலையைத் தன் செலவில் செய்யும்படி ரயில்வேயைக் கட்டாயப்படுத்த முடியாது.

உங்கள் பழைய பாதைக்கு அந்தப் பத்து வருடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி இரட்டைப் பாதை வேலை நடக்கிறதே, அதற்குக் கரையை அகலப்படுத்தும்போது தண்ணீர் வழியும் மாறும். இப்போதே எழுத்தில் கொடுங்கள். தண்ணீர் நிற்கும்போது தேதியோடு போட்டோ எடுங்கள், சர்வே எண் போடுங்கள், எத்தனை நாள் நின்றது என்று எழுதுங்கள். வாயால் கேட்டது கோப்பில் ஏறாது. 2021 நவம்பரில் பாறசாலைக்கும் நாகர்கோவிலுக்கும் நடுவே மண் சரிந்து ரயில் நின்றது நினைவிருக்கும். அந்தப் பக்கத்துக் கட்டிங்குகளுக்கும் இதே கதைதான், தண்ணீருக்குப் போக இடம் வேண்டும். ரயில்வே மறுத்தால், ஊராட்சியோ மாநிலமோ பணம் கட்டி ரயில்வே செய்து தரும் டெபாசிட் வேலை என்ற வழியும் இருக்கிறது.

கேள்வி (கடையநல்லூர்): பாதை சரியாயிட்டுன்னு சொல்லியும் ரயில் ஏன் மாட்டுவண்டி மாதிரி ஊருது?

பதில்: அதுதான் உங்கள் உயிருக்கான காவல். உடைப்பில் கல்லும் மணல்மூட்டையும் போட்டுத் தூக்கிய கரை இன்னும் இறுகியிருக்காது. முதல் வண்டி 10 கிலோமீட்டரில் போகும். ஒவ்வொரு வண்டியும் போகப்போகக் கரை அமுங்கும், மறுபடி ஜல்லி தட்டி மட்டம் பார்ப்பார்கள். அப்புறம்தான் படிப்படியாக வேகம் கூட்டுவது. காஷனை, அதாவது இந்த வேகக் கட்டுப்பாட்டை, சீக்கிரம் எடுங்கள் என்று தயவுசெய்து யாரும் மனுப் போடாதீர்கள்.

2023 டிசம்பர் 17 ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றது. சுமார் 800 பேர் அதில். அதற்கு அப்பால் கரை அடித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. வண்டியை நிறுத்தியதால்தான் அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்தார்கள்.

கேள்வி (ராஜபாளையம்): வெள்ளத்தால் ரயில் ரத்தானால் டிக்கெட் பணம்?

பதில்: முழுசாகக் கிடைக்கும். வண்டி முழுவதுமாக ரத்தானால் இணைய டிக்கெட்டுக்குத் தானாகவே திரும்பும். கவுண்டர் டிக்கெட்டை வண்டி கிளம்பவேண்டிய நாளிலிருந்து மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி (செங்கோட்டை): தாத்தா, நான் சிவில் படிக்கிறேன். உடைந்ததை அப்படியே கட்டுவதா, மாற்றிக் கட்டுவதா, விட்டுவிடுவதா என்று எப்படி முடிவெடுப்பார்கள்?

பதில்: இந்த மூன்றையும் பாம்பனிலேயே பார்க்கலாம் தாயி. 1964 டிசம்பர் புயலில் பாலமும் போனது, தனுஷ்கோடிப் பாதையும் போனது. பாலத்தை ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் நிமிர்த்தினார்கள், கடலில் விழுந்த கர்டர்களை எடுத்தே மாட்டினார்கள். அது அப்படியே கட்டியது. தனுஷ்கோடிக்குப் போன பாதையைத் திரும்பப் போடவே இல்லை. அது விட்டுவிட்டது. பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் வண்டியை நிறுத்தும் ஏற்பாடு பிறகு வந்தது. உப்புக்காற்று இரும்பைத் தின்று தீர்த்ததும், துருப்பிடிக்காத கம்பி போட்டுப் புதுப்பாலம் கட்டி 2025 ஏப்ரலில் திறந்தார்கள். அது மாற்றிக் கட்டியது.

கணக்கில் முதலில் பார்ப்பது வெள்ளத்தை. சாதாரணப் பாலத்துக்கு 50 வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம், முக்கியப் பாலத்துக்கு 100 வருட வெள்ளம். பாலத்தின் காலில் பெயிண்டில் எழுதியிருக்கும் உச்ச வெள்ள அளவைப் போய்ப் பார். அது எந்த வருடத்தது என்று கேள். மழை மாறிவிட்டது, அந்தக் கோடு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் நீ வேலைக்கு வந்ததும் செய்யவேண்டிய முதல் காரியம்.

கேள்வி (தென்மலை): நாங்க இந்த வருசம் என்ன செய்யணும், அண்ணாச்சி? மனு எழுதத் தயார்.

பதில்: முதல் பணம் செலவாகிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பணத்தைக் கேளுங்கள். கரையில் ஜல்லி கொட்டுகிற அன்றைக்கே மனு போகவேண்டும். செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை மதுரைக் கோட்டம். நாகர்கோவில் பக்கம் திருவனந்தபுரம் கோட்டம். கேரளத்தில் இருக்கிறோம் என்பதற்காகத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடாதீர்கள், கோப்பு சுற்றிவிட்டு வரும்.

"மண்சரிவைத் தடுக்கவும்" என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எந்தக் கிலோமீட்டர், எந்த மின்கம்பத்துக்கும் எந்த மின்கம்பத்துக்கும் நடுவே, எத்தனை தடவை விழுந்தது, எத்தனை நாள் ரயில் நின்றது என்று எழுதுங்கள். பாதுகாப்பு வேலைகளுக்கென்றே 2017-18-ல் ஐந்து வருடத்துக்கு ஒரு லட்சம் கோடி ரூபாய் என்று தொடங்கி, 2022-க்குப் பிறகும் நீட்டித்த ராஷ்ட்ரிய ரயில் சன்ரக்‌ஷா கோஷ் நிதி இருக்கிறது. பாலம், பாதைப் புதுப்பிப்பு எல்லாம் அதில் வரும். அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். மறுமழைக்கு முன் பிங்க் புத்தகத்தைத் திறந்து நம் கிலோமீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் என்ன ஆயிற்று என்று தகவல் உரிமையில் கேளுங்கள். மனு எழுதியதும் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், கிலோமீட்டர் கணக்கைச் சரிபார்த்துத் தருகிறேன்.