பனை, அலையாத்தி, சாண எரிவாயு: சூழல் பணியில் இறங்கிய இளைஞர்களுக்குப் பதில்கள்

கேள்வி: புரட்டாசியில் ஏரிக்கரையில் பனை விதைக்கப் போகிறோம். பையில் முளைக்கவைத்து நடலாமா? (கல்லூரி மாணவர், விழுப்புரம்)

வேண்டாம் தம்பி. பனங்கொட்டை முளைக்கும்போது முளை முதலில் கீழேதான் இறங்கும். நாம் கிழங்கு என்று தின்பது அதைத்தான். பையில் அது அடியில் முட்டி மடங்கிவிடும். கொட்டையை நேராக மண்ணிலேயே பத்தடி இடைவெளியில், ஐப்பசி மழைக்கு முன் ஊன்றுங்கள். விதைத்த எண்ணிக்கையைப் பலகையில் எழுத வேண்டாம். அடுத்த கோடை முடிந்ததும் எத்தனை நிற்கிறது என்று எண்ணி, அதை எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் கடலோரச் சேற்றில் அலையாத்தி நட நாற்று எங்கே கிடைக்கும்? (கடலூர்)

நாற்று அப்புறம். அங்கே தண்ணீர் எப்படி வந்து போகிறது என்று முதலில் பாருங்கள். பிச்சாவரத்தில் வெள்ளைக்காரர் காலம் தொட்டு 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். வெயில் பட்டுச் சேறு வற்றியது. தரை அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் வடியாமல் தேங்கி ஆவியாக, உப்பு ஏறியது. அந்த மண்ணில் எதுவும் பிடிக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, ஓதத்தை (ஏறி இறங்கும் கடல்நீரை) உள்ளே விட்டு வெளியேற்றின. உப்பு குறைந்த பிறகுதான் வெண்கண்டல் என்ற அலையாத்தி வகையை நட்டார்கள், அது பிடித்துக்கொண்டது. உங்கள் நிலம் யாருடையது என்றும் விசாரியுங்கள். வனத்துறை நிலமென்றால் அனுமதியில்லாமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது.

கேள்வி: அது வெறும் சேறுதானே? நட்டால் என்ன நஷ்டம்? (அதே நண்பர்)

வெறும் சேறு என்று ஒன்று கிடையாது. வேதாரண்யத்திலிருந்து ஒரு மீனவர் வீட்டுப் பெண் இதற்குள் எழுதிவிட்டார்: "நீர் வற்றும் நேரத்தில் உள்ளான் பறவைக் கூட்டம் இரை பொறுக்குவது அங்கேதான், எங்கள் ஊர்ப் பெண்கள் நண்டு பிடிப்பதும் அங்கேதான்." அவர் சொல்வது முழுக்கச் சரி. கோடியக்கரைக்குக் குளிர்காலத்தில் வடக்கே வெகுதொலைவிலிருந்து வரும் பறவைகளுக்குத் திறந்த சேற்றுவெளி வேண்டும். அதை மரத்தால் மூடினால் அவற்றின் இரைக்களம் போய்விடும். "கரியமில வாயுவைப் பிடிக்க வேண்டாமா?" என்று இன்னொருவர் கோபப்படுகிறார். வேண்டும்தான். அதற்கு அலையாத்தி முன்பு நின்று அழிந்த இடத்தைத் தேடுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டால் காட்டுவார்கள்.

கேள்வி: நீலகிரிப் புல்வெளியில் மரம் நடலாமா?

கூடாது. அங்கே வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தை நட்டதன் விளைவை இன்றும் அந்தப் புல்வெளிகள் அனுபவிக்கின்றன. மேலே சேற்றுவெளிக்குச் சொன்னதேதான் இதற்கும்.

கேள்வி: ஒரே நாளில் எத்தனை மரக்கன்று நடலாம்? (நான்கு பேர்)

மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் அளவுக்கு. மறுபடி கேட்க வேண்டாம்.

கேள்வி: வீட்டு மாடியில் சூரிய மின்சாரத்துக்கு மானியம் உண்டா?

2024இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய். மற்றதை மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி: விடுதி மெஸ்ஸில் மிஞ்சும் சோற்றில் எரிவாயு தயாரிக்க முடியுமா? (வேலூர்)

நல்ல வேலை, உடனே தொடங்குங்கள். குப்பைமேட்டில் அழுகும் சோறு மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். சாண எரிவாயுக் கலனில் முதலில் சாணக் கரைசல் ஊற்றி, வாயு எரியத் தொடங்கியதும் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு போடாதீர்கள். ஒரே நாளில் விருந்துச் சோறு முழுவதையும் கொட்டினால் கலன் புளித்து, வாயு நின்றுவிடும். அப்படி நின்றால் சில நாள் கழிவு போடாமல் விட்டுச் சாணக் கரைசல் மட்டும் கொடுங்கள்.