அந்த 31 பேர் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் எட்டு ஆண்டுகள் மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, சென்ற ஆண்டு ஊர் திரும்பி, மார்த்தாண்டம் அருகே தேன் விற்கும் ஸ்டார்ட்அப் ஒன்றைத் தொடங்கினேன். என்னையும் கூட்டாளியான என் கல்லூரி நண்பனையும் சேர்த்து ஒன்பது பேர் இருக்கிறோம். இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்கு இதுவரை 1,80,000 ரூபாய் செலவழித்து 400 வாடிக்கையாளர்களைப் பெற்றோம். அவர்களில் 31 பேர்தான் மறுமுறை வாங்கினார்கள். அரைக்கிலோ பாட்டில் ஒன்றில் எல்லாச் செலவும் போக 120 ரூபாய் நிற்கிறது.

பணியாளர்கள் எதையும் என்னைக் கேட்காமல் செய்வதில்லை. செய்தாலும் முறை தெரியாமல் செய்கிறார்கள். சென்ற மாதம், தேன் சீனியாக உறைந்துவிட்டது என்று புகார் சொன்ன வாடிக்கையாளரிடம், பாட்டில் நிரப்பும் அக்கா ஒருவர் தாமே போனை எடுத்துக் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அது அவர் வேலையல்ல என்று கண்டித்தேன். (அந்த வாடிக்கையாளர் பிறகு இரண்டு பாட்டில் வாங்கினார் என்பது வேறு விஷயம்.) விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் அனுபவமுள்ள மேலாளர் ஒருவரைச் சென்னையிலிருந்து அமர்த்தலாமா? குழுவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

இப்படிக்கு,
ஒரு வாசகர், மார்த்தாண்டம்

*

அன்புள்ள நண்பருக்கு,

வேறு விஷயம் என்று நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை அங்கேதான் கிடக்கிறது.

முதலில் கணக்கு. 1,80,000 ரூபாய்க்கு 400 பேர் என்றால் ஆளுக்கு 450 ரூபாய் கொடுத்து அவர்களை அழைத்து வந்திருக்கிறீர்கள். பாட்டிலுக்கு 120 ரூபாய் நிற்கும் தொழிலில், ஒருவர் நான்கு முறை வாங்கினால்தான் அவரை அழைத்துவந்த செலவு தேறும். 369 பேர் இரண்டாம் முறைகூட வரவில்லை. இந்த நிலையில் மேலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஓட்டைக் குடத்தில் இன்னும் வேகமாகத் தண்ணீர் ஊற்றுவதைத் தவிர அவரால் வேறொன்றும் செய்ய இயலாது. விளம்பரத்தை இன்றே நிறுத்திவையுங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நாகர்கோவிலில் கடைகளுக்கான கணக்கு மென்பொருள் நிறுவனம் ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தினேன். முதல் ஆண்டிலேயே, நீங்கள் இப்போது நினைப்பதைப் போலவே, வெளியூரிலிருந்து அனுபவசாலி ஒருவரை நல்ல சம்பளத்துக்கு அமர்த்தினேன். ஆறு மாதத்தில் அவர் மூன்று கடைகளுக்குத்தான் விற்றார். அவர்மீது பழியைப் போட்டு அனுப்பிவிட்டு, வேறு வழியின்றி நானே பையைத் தூக்கிக்கொண்டு வடசேரிச் சந்தைப் பக்கம் போனேன். ஒரு பலசரக்குக் கடைக்காரர் நான் காட்டிய லாப நட்ட அறிக்கையை மரியாதைக்காகப் பார்த்துவிட்டு, கல்லாவின் அடியிலிருந்து சணல் கயிற்றால் கட்டிய பற்று நோட்டை எடுத்துப் போட்டார். "தம்பி, வித்தது எனக்குத் தெரியும். எவன் எவ்வளவு தரணும்னு இது சொல்லும். ஒம்ம பெட்டி சொல்லுமா?" என்றார். அதைச் சொல்லும்படி மென்பொருளை மாற்றிய பிறகுதான் விற்பனை நகர்ந்தது. போன மனிதர் கெட்ட விற்பனையாளர் அல்லர். எதை விற்க வேண்டும் என்று எனக்கே தெரியாதபோது அவரிடம் விற்கச் சொல்லியிருந்தேன். அவரிடம் அதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஆகவே அந்த 31 பேரையும் நீங்களே அழைத்துப் பேசுங்கள். வராதவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலோர் மரியாதைக்கு விலையைச் சொல்லித் தப்பிப்பார்கள். வந்தவர்களுக்குத்தான் காரணம் தெரியும். முன்பு எந்தத் தேன் வாங்கினார்கள், குழந்தைக்கா மருந்துக்கா, வேறு யாரிடமாவது சொன்னார்களா, என்ன சொல்லிச் சொன்னார்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் நடைக்கு மாற்றிவிடாதீர்கள். கடலூரில் 1983-இல் பதினைந்தாயிரம் ரூபாயோடு தொழில் தொடங்கிய சி.கே. ரங்கநாதனின் சிக் ஷாம்பு, ஊர் ஊராகப் போய்ச் சிறுவர்களின் தலையை எல்லோர் முன்னிலும் அலசிக் காட்டித்தான் கிராமங்களுக்குள் நுழைந்தது. தலையை அலசும் இடத்தில் நின்றிருந்தவருக்குக் கூட்டம் எதை நம்புகிறது, எதற்குத் தயங்குகிறது என்பது கண்ணெதிரே தெரிந்திருக்கும்.

இப்போது அந்த அக்காவிடம் வருகிறேன். 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறித்தவ இளைஞர் அமைப்பைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் கிராம மேம்பாட்டு மையம் நடத்தி, பெட்டியில் தேனீ வளர்ப்பதைக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து, உங்கள் சுற்றுவட்டாரத்தில் தேன் என்பது வீட்டுத் தொழில். அந்த அக்காவின் வீட்டிலும் நான்கு பெட்டிகள் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன். தேனில் உள்ள குளுக்கோஸ் பிரிந்து படிகமாவது இயல்பு என்பதும், பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும் என்பதும் அவர் படித்துத் தெரிந்துகொண்டவையாக இருக்காது. ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும்போது, பூவிலிருந்து அல்லாமல் இலைக்காம்பின் நுனிச் சுரப்பிகளிலிருந்து தேனீக்கள் இனிப்பை எடுப்பதையும் அவர் பார்த்திருப்பார். சென்னையில் இருப்பவருக்கு இது புதுச்செய்தி. தேன் சீனியாக உறைந்துவிட்டது என்று புகார் சொன்ன ஒருவரை, செலவில்லாமல் கால் மணி நேரத்தில் இரண்டு பாட்டில் வாங்கவைத்த அவரைக் கண்டித்துவிட்டு, அதே வேலைக்கு மாதச் சம்பளத்தில் ஆள் தேடுகிறீர்கள்.

கேட்காமல் எதையும் செய்வதில்லை என்ற உங்கள் குறைக்கும் காரணம் இதுவே. மற்ற ஆறு பேரும் அந்தக் கண்டிப்பைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். மென்பொருள் நிறுவனங்களில் எந்த வேலை யாருடையது என்று கோடு போட்டிருப்பார்கள். அங்கே ஆயிரம் பேர் இருப்பதால் அது தேவை. ஒன்பது பேர் இருக்கும் கூடத்தில் அந்தக் கோடு தடுக்கி விழத்தான் உதவும். நாளைக் காலையில், எல்லோர் முன்னிலும் கண்டித்திருந்தால் எல்லோர் முன்னிலும், தவறு உங்களுடையது என்று அவரிடம் சொல்லிவிட்டு, போனில் என்ன பேசினார் என்று கேளுங்கள். பாட்டிலின் லேபிளில் அச்சிட வேண்டிய வாசகம் அதிலிருந்து கிடைக்கலாம். பிறகு, ஒரு பாட்டிலின் விலை வரைக்கும் ஆகும் தீர்வை, மாற்றித் தருவதோ பணத்தைத் திருப்புவதோ, போனை எடுப்பவரே முடிவு செய்யலாம் என்று அறிவியுங்கள். காரணத்தை ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதினால் போதும். முதல் மாதம் சில பாட்டில்கள் வீணாய்ப் போகும். விளம்பரத்துக்குப் போனதோடு ஒப்பிட்டால் அது கணக்கிலேயே வராது. அந்த நோட்டை வாரம் ஒருமுறை எல்லோரும் சேர்ந்திருந்து வாசியுங்கள். நீங்கள் குறைவாகப் பேசுங்கள்.

கூட்டாளி நண்பருடன் யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருவர் இடையில் விலகினால் என்ன ஆகும் என்பதை இன்னும் எழுதிவைக்கவில்லை என்றால், நட்பு நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள். சண்டை வந்தபின் எந்த வக்கீலாலும் அதை நியாயமாக எழுத முடியாது.

மேலாளரைப் பற்றி இந்த அறுவடை முடிந்தபின் யோசிக்கலாம். ரப்பர் தளிர்விட்டுப் பெட்டிகளைத் திறக்கத் தொடங்கிவிட்டால், உங்கள் கூடத்தில் ஒருவருக்கும் போனில் நிதானமாகப் பேச நேரமிருக்காது. அதற்குள் அந்த 31 பேரையும் அழைத்து முடித்துவிடுங்கள். அழைக்கும்போது அந்த அக்காவும் பக்கத்தில் இருக்கட்டும்.

அன்புடன்.