ஆயிரம் ரூபாய் பாஸ் யாருக்கு லாபம்?

பஸ், ரயில் செலவு பற்றி வந்த கேள்விகளை இந்த வாரம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எல்லாமே சென்னைக் கேள்விகள்.

கேள்வி: பெருங்களத்தூரில் இருக்கிறேன், நந்தனத்தில் அலுவலகம். பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் இரண்டுக்கும் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். இப்போது பஸ்ஸில் போகிறேன். பெரும்பாலும் டீலக்ஸ்தான் கிடைக்கிறது, போக வர 50 ரூபாய் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை. உடன் வேலை செய்பவர்கள் எல்லாரும் 1,000 ரூபாய் மாதப் பாஸ் வைத்திருக்கிறார்கள். நானும் எடுத்துவிடலாமா சார்?

பதில்: எடுக்க வேண்டாம். உங்கள் நண்பர்கள் எடுத்தது அவர்களுக்குச் சரியாக இருக்கலாம், உங்களுக்கு இல்லை.

ஆயிரத்தை 50ஆல் வகுத்தால் 20. அதாவது மாதம் 20 நாள் போய்வந்தால்தான் சரிக்குச் சரி, 21ஆம் நாளிலிருந்துதான் லாபம். நீங்கள் போவது மாதம் 13 நாள். 650 ரூபாயில் முடிகிற செலவுக்கு ஆயிரம் கொடுப்பீர்கள். இதில் இன்னொன்றும் இருக்கிறது. பாஸ் எடுக்கும்போது நாம் போகப்போகிற நாட்களைத்தான் எண்ணுகிறோம், போகாத நாட்களை எண்ணுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும் நான்கைந்து நாள், காய்ச்சலில் படுத்த இரண்டு நாள், மழை விடுமுறை எல்லாம் பாஸிலிருந்து கழிந்துகொண்டேதான் இருக்கும். போன மூன்று மாதத்தில் உண்மையில் எத்தனை நாள் போனீர்கள் என்று அலுவலக வருகைப் பதிவைப் பாருங்கள். அந்த எண்ணை நம்பலாம்.

‘ஞாயிற்றுக்கிழமை சும்மா மெரினாவுக்குப் போகலாமே’ என்று சிலர் சொல்வார்கள். பாஸ் இல்லாவிட்டாலும் போயிருப்பீர்களா? ஆம் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள், இல்லை என்றால் வேண்டாம்.

அந்தப் பாஸ் யாருக்கு நல்லது என்றால், பஸ் மாறிப் போகிறவர்களுக்கு. நம் மாநகரப் பேருந்தில் ஒவ்வொரு தடவை ஏறும்போதும் புது டிக்கெட். இரண்டு பஸ் மாறினால் போக வர நாலு டிக்கெட். பாஸுக்கு அந்தக் கவலை கிடையாது. வாரம் ஆறு நாள் வேலை, வழியில் ஒரு மாற்றம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய் பாஸில் ஏ.சி. பஸ் ஏற முடியாது, அதற்கு 2025இல் வந்த 2,000 ரூபாய் பாஸ் வேண்டும்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். ரயில் நிலையம் நடக்கிற தூரத்தில் இருக்கும்போது ஏன் பஸ்ஸையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. புறநகர் ரயிலின் இரண்டாம் வகுப்பு மாதச் சீசன் டிக்கெட், 15 ஒற்றைப் பயணக் கட்டணத்தை அடிப்படையாக வைத்துப் போடப்படுவது. மற்ற கட்டணங்கள் சேர்ந்து கொஞ்சம் கூடும். அப்படியும் பத்து நாள் போய்வந்தால் போட்ட காசு ஏறக்குறைய திரும்பிவிடும். (2014 ஜூனில் இதை 30 பயணக் கணக்குக்கு உயர்த்துவதாக அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டார்கள்.) பஸ் பாஸுக்கு 20 நாள், ரயிலுக்குப் பத்து நாள். வாரம் மூன்று நாள் வேலைக்குப் போகிறவருக்கு எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பெருங்களத்தூரிலிருந்து கிண்டிக்கு மாதச் சீசன் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். கிண்டியிலிருந்து நந்தனத்துக்குச் சாதாரண பஸ் என்றால் போக வர 12 ரூபாய் வைத்துக்கொள்வோம், 13 நாளுக்கு 156. மொத்தம் 350 ரூபாய்க்குப் பக்கம். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்க முடியாது என்றால் கிண்டியில் மெட்ரோ பிடியுங்கள். 20 ரூபாய் டிக்கெட்டை கியூஆர் டிக்கெட்டாக எடுத்தால் தள்ளுபடி போக 16 ரூபாய், போக வர 32, மாதம் 416. சீசனோடு சேர்த்து 600 ரூபாயை ஒட்டி வரும். இப்போது பஸ்ஸுக்குக் கொடுப்பதைவிட அதுவும் குறைவுதான், ஜி.எஸ்.டி. சாலை நெரிசலும் இல்லை. தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகள் நிறைய என்பதால் உங்கள் நிலையத்துக்கு வண்டி குறைவு. நேரத்தைப் பார்த்துக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், சீசன் வாங்கும்போது இரண்டு மூன்று நிலையம் தள்ளியும் விலை கேளுங்கள். கட்டணம் தூரப் படிகளாக இருப்பதால், கிண்டிக்குக் கொடுக்கிற அதே காசில் மாம்பலம் வரை கிடைக்கக்கூடும். இடையில் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம். தி.நகரில் துணி எடுக்கப் போகும்போது உதவும். ஆனால் அந்தச் சீசனோடு ஏ.சி. புறநகர் ரயிலில் ஏறிவிடாதீர்கள். 2025 ஏப்ரலில் வந்த அந்த வண்டிக்குக் கட்டணமே தனி, குறைந்தபட்சமே 35 ரூபாய். சீசனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான், அபராதமே குறைந்தது 250 ரூபாய்.

கேள்வி: சீசனை மாதாமாதம் எடுக்கிறேன். ஒரேயடியாக ஒரு வருடத்துக்கு எடுத்தால் எவ்வளவு மிச்சமாகும்?

பதில்: பலர் நினைக்கிற அளவுக்கு இல்லை. மூன்று மாதச் சீசனுக்கு 2.7 மாதக் காசு, ஆறு மாதத்துக்கு 5.4, ஒரு வருடத்துக்கு 10.8. வகுத்துப் பாருங்கள், மூன்றிலும் தள்ளுபடி ஒரே பத்து சதவீதம்தான்! மூன்று மாதத்திலேயே முழுத் தள்ளுபடியும் கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் எடுப்பதில், இடையில் கட்டணம் உயர்ந்தால் தப்பிக்கலாம், வரிசையில் நிற்கிற வேலை மிச்சம் என்ற இரண்டு வசதிதான். நான் ஒருமுறை ஆசைப்பட்டு வருடச் சீசன் எடுத்தேன். நாலாவது மாதம் வீடு மாற்ற வேண்டி வந்தது. அன்றிலிருந்து மூன்று மாதம்தான்.

கேள்வி: வில்லிவாக்கத்திலிருந்து அடையாறுக்கு இரண்டு பஸ் மாறிப் போகிறேன், மாதம் 25 நாள் வேலை. காலையில் அவசரத்தில் டீலக்ஸில் ஏறிவிடுவேன், 33 ரூபாய். மாலையில் இலவச பஸ்ஸுக்குக் காத்திருந்து வருவேன். எனக்குப் பாஸ் தேவையா?

பதில்: 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோதே பெண்களுக்கான பாஸ் கணக்கு மாறிவிட்டது. உங்கள் கணக்கில் காலைக்கு மட்டும் 25 நாள், 825 ரூபாய். பாஸைவிட 175 குறைவு. ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள். மாதத்தில் ஆறு மாலை பொறுமை இழந்து டீலக்ஸில் ஏறினால் பாஸே மேல். இரண்டு வாரம் டிக்கெட்டுகளைக் கிழித்துப் போடாமல் பையில் போட்டு வையுங்கள். எத்தனை மாலை ஏறினீர்கள் என்பதை அதுவே சொல்லிவிடும். பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வேண்டும் என்பதுபோல மாலையில் நேரக்கட்டாயம் இருந்தால் 175 ரூபாயைப் பார்க்க வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

கேள்வி: மெட்ரோவில் கார்டு நல்லதா, கியூஆர் டிக்கெட்டா?

பதில்: இரண்டிலும் அதே 20 சதவீதத் தள்ளுபடிதான். கவுன்டரில் காசு கொடுத்து வாங்கினால்தான் நஷ்டம். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் பாதிக் கட்டணம். பழைய மெட்ரோ கார்டுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து ரீசார்ஜ் கிடையாது, மீதிப் பணத்தைப் பயணம் செய்தே தீர்த்துவிடுங்கள். புதிதாக வாங்குவதானால் சிங்காரச் சென்னை அட்டை வாங்குங்கள், மாநகரப் பேருந்திலும் செல்லும். மெட்ரோ நிலையத்தில் வண்டி நிறுத்துகிறவர்கள் பார்க்கிங் காசையும் பெட்ரோலையும் சேர்த்துக் கணக்குப் போடவும். பலர் அதை விட்டுவிட்டு ‘மெட்ரோ மலிவு’ என்கிறார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. வாரம் இரண்டு நாள் கோயிலுக்குப் பஸ்ஸில் போய்வருவார். மூத்த குடிமக்களுக்குச் சலுகைப் பாஸ் உண்டா?

பதில்: பாஸைவிட நல்லது உண்டு. சென்னையில் வசிக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கு மாநகரப் போக்குவரத்துக் கழகம் மாதம் 10 இலவச டோக்கன் தருகிறது, சாதாரண பஸ்ஸில் செல்லும். அவருடைய போக்குவரத்தில் பெரும்பகுதி அதிலேயே அடங்கிவிடும், மீதிக்குச் சில்லறை போதும். ஆறு மாத டோக்கனை மொத்தமாகக் கொடுப்பார்கள். டிசம்பர், ஜூன் கடைசியில் அறிவிப்பு வரும், அப்போது பணிமனைப் பக்கம் ஒரு நடை போய்வரச் சொல்லுங்கள்.